படித்து நிறுத்திய வரிகள்

டிரைவர் வேலை என்றால் வண்டி ஓட்டுவது என்று நினைப்பவர்கள் அந்த வேலையைப் பார்க்காதவர்கள். ஓட்டுவது கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் உட்கார்ந்திருப்பது. ஆஸ்பத்திரி வாசல், பேங்க் வாசல், கிளப் வாசல் என்று எங்கே போனாலும் ஆள் திரும்பி வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். ஏ.சி. போடக் கூடாது, பெட்ரோல் செலவு. கதவைத் திறந்துவைக்கக் கூடாது, உள்ளே தூசி படியும். தூங்கவும் கூடாது, முதலாளி வந்து கண்ணாடியைத் தட்டும்போது நம் வாயில் எச்சில் வழிந்துகொண்டிருந்தால் அவருக்கு அது மரியாதைக் குறைவு. இப்படி ஒரு தகர டப்பாவுக்குள் பதினாலு வருஷமாக வெந்துகொண்டிருந்த மனிதரைப் பற்றியது இந்தக் கதை. வயது ஐம்பத்திரண்டு. வலது முட்டியில் வலி. பிரேக்கை மிதித்தே தேய்ந்துபோன முட்டி.

அவருடைய முதலாளி பெரிய டாக்டர், சொந்தமாக ஆஸ்பத்திரி வைத்திருப்பவர். அவருடைய மனைவியும் டாக்டர்தான். சாரும் மேடமும் ஒரே கூரைக்குக் கீழே, தனித்தனி மாடியில், தனித்தனி நேரத்தில் சாப்பிட்டு வாழ்ந்தார்கள். சண்டை என்று சொல்ல முடியாது. சண்டை போட இரண்டு பேரும் ஒரே அறையில் இருக்க வேண்டுமே. நடுவில் ஒரே ஒரு மகள். பதினேழு வயதாகியும் டிரைவர் வாயில் அவள் ‘பாப்பா’தான். வேலைக்குச் சேர்ந்த அன்று மூன்று வயதில் பின்சீட்டில் கால் எட்டாமல் உட்கார்ந்திருந்தவளை அப்படிக் கூப்பிட்டார், அதுவே நிலைத்துவிட்டது.

பாப்பாவும் டாக்டராக வேண்டும் என்பது அவள் பிறக்கும் முன்பே முடிவான விஷயம். அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்வது என்று பாப்பா முடிவு கட்டியிருந்தாள். ஆஸ்பத்திரியின் புதுக் கட்டடம் திறக்கிற அன்று, படம் எடுக்க எல்லோரும் வரிசையில் நிற்கும்போது, இடுப்பு வரை இருந்த முடியைக் கத்தரிக்கோலால் கன்னாபின்னாவென்று நறுக்கிக்கொண்டு வந்து நின்றாள். மேடம் அழுதார். சார் போட்டோகிராபரிடம் மகளை ஓரமாக நிற்கவைக்கச் சொன்னார். இன்னொரு தடவை சாப்பாட்டுத் தட்டை மாடியிலிருந்து நீச்சல் குளத்தில் விட்டாள். தட்டு மூழ்கியது, சோறு மிதந்தது, சமையல்காரம்மா வலை போட்டு அள்ளினார். யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த வீட்டில் கோபப்படுவதற்குக்கூட ஆள் கிடைக்காது. போனைப் பிடுங்கிவைத்தார்கள், அவ்வளவுதான்.

போன் போனதால் வந்ததுதான் புத்தகம்.

கோச்சிங் சென்டருக்குப் போகிற வழியில் ஒரு சந்து. சந்து முனையில் ‘இங்கு நாவல்கள் வாடகைக்குக் கிடைக்கும்’ என்று ஒரு பலகை, பாதி எழுத்து அழிந்தது. சிக்னலில் வண்டி நின்றபோது பாப்பா அதைப் பார்த்துவிட்டாள்.

“அண்ணா, அங்க போய் எனக்குக் கதை புக் வாங்கிட்டு வாங்க.”

“என்ன கதை பாப்பா?”

“எதுவாச்சும். பயாலஜி இல்லாம எதுவாச்சும்.”

தன் பெயர் எங்கேயும் வரக் கூடாது என்றாள். அதனால் டிரைவர் தன் பெயரிலேயே மெம்பராகச் சேர்ந்தார். கடையில் இருந்த இளைஞன், அப்பாவுக்குப் பிறகு அந்த லைப்ரரியை நடத்துபவன், அவரை மேலும் கீழும் பார்த்தான். வெள்ளைச் சட்டை, நரைத்த மீசை, நொண்டுகிற கால். “உங்களுக்கு எந்த மாதிரி வேணும்ணே?” என்றான். இன்னொருத்தருக்கு என்று சொன்னால் அந்த இன்னொருத்தர் யார் என்ற கேள்வி வரும். “நல்லதா நீயே பார்த்துக் குடுப்பா” என்று மென்று விழுங்கினார். அவன் ஒரு கட்டு காதல் நாவல்களை எடுத்துக் கொடுத்தான்.

அன்று முதல் வாரா வாரம் ஒரு கட்டு. வீட்டுக்குள் கொண்டுபோனால் மாட்டிக்கொள்ளும் என்பதால் புத்தகங்கள் முன்சீட்டின் அடியில் குடியிருந்தன. பாப்பா ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் திணித்துக்கொண்டு போவாள். மற்றவை டிரைவரின் காலுக்கடியில் கிடக்கும். கிடக்கிற பண்டத்தை எத்தனை நாள்தான் சும்மா பார்த்துக்கொண்டிருப்பது? ஒரு மத்தியானம், கிளப் வாசலில், சார் உள்ளே போய் வெகு நேரமாகியும் வராதபோது ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. பணக்கார வீட்டுப் பெண் திமிராக இருக்கிறாள். ஏழைப் பையன் நேர்மையாக இருக்கிறான். இரண்டு பேரும் முட்டிக்கொள்கிறார்கள், அப்புறம் உருகுகிறார்கள். இதைப் போய் ஒருத்தர் உட்கார்ந்து எழுதி, அதை ஒருத்தர் அச்சடித்து, அதை இந்த வயதில் நான் படித்து... என்று தலையில் அடித்துக்கொண்டார். அடித்துக்கொண்டே அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அந்த வாரத்துக்குள் மூன்று நாவல்கள் முடிந்தன. அதற்கடுத்த வாரம் கதாநாயகியின் அப்பா துப்பாக்கியைத் தூக்கியபோது டிரைவருக்கு நிஜமாகவே நெஞ்சு படபடத்தது. வெயில் தெரியவில்லை, முட்டி தெரியவில்லை. பதினாலு வருஷத்தில் முதல் தடவையாக, முதலாளி இன்னும் கொஞ்சம் தாமதமாக வரக்கூடாதா என்றிருந்தது.

ஆனால் முதலாளிகள் அப்படியெல்லாம் நம் வசதி பார்த்து வருவார்களா. நல்ல கட்டமாகப் பார்த்துத்தான் கதவு திறக்கும். உடனே புத்தகத்தை மூடிச் சீட்டுக்கடியில் தள்ள வேண்டும். பக்கத்தின் முனையை மடக்கினால் லைப்ரரிக்காரன் திட்டுவான். வண்டி ஓடிய கிலோமீட்டரைக் குறிக்கிற பென்சில் டாஷ்போர்டில் எப்போதும் இருக்கும். அதை எடுத்து, படித்து நிறுத்திய வரிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு டிக் போட்டுவிடுவார். அடுத்த வாசலில் அந்த டிக்கிலிருந்து மறுபடி பயணம். பாப்பா வேகமாகப் படிக்கிறவள்தான், இருந்தாலும் பெரும்பாலும் டிரைவர்தான் முந்திக்கொண்டார். காத்திருப்பதில் அவரை யாரால் முந்த முடியும்?

இதற்கிடையே பாப்பாவிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. சாப்பாடு உள்ளே இறங்கியது. நறுக்கிய முடியைச் சலூனில் ஒழுங்குபடுத்திக்கொண்டாள். கோச்சிங்குக்கு முனகாமல் கிளம்பினாள். லைப்ரரி சந்து வரும்போது மட்டும் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்ப்பாள். கோச்சிங்கில் சேர்த்துவிட்டதுதான் காரணம் என்று சார் நினைத்தார். தான் வாங்கிக் கொடுத்த மாத்திரைதான் என்று மேடம் நினைத்தார். இரண்டும் இல்லை, புத்தகம் என்று டிரைவருக்குத் தெரியும். மனசுக்குள் அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அந்தப் பெருமைக்கு ஆயுசு ரொம்ப இல்லை. ஒரு வியாழக்கிழமை மத்தியானம் பாப்பா எப்போதும் கொண்டுவருகிற பைக்குப் பதிலாகப் பெரிய தோள்பை ஒன்றை மாட்டிக்கொண்டு வந்தாள். கோச்சிங் சென்டர் கட்டடம் வந்தது. டிரைவர் இண்டிகேட்டர் போட்டார்.

“இங்க வேணாம். வண்டியைத் திருப்புங்க.”

“கிளாஸ் பாப்பா?”

“லைப்ரரிக்குப் போங்க அண்ணா. நான் திரும்பி வரமாட்டேன்.”

டிரைவர் வண்டியை ஓரம் கட்டினார். பின்னால் வந்தவன் ஹாரனை அழுத்து அழுத்தென்று அழுத்திவிட்டுப் போனான்.

“திரும்பி வரமாட்டேன்னா?”

பாப்பாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவர் பார்த்ததில்லை. பின்சீட்டிலிருந்து முன்னால் சாய்ந்து ஒரு நாவலைப் பிரித்துக் காட்டினாள். “இதப் பாருங்க.” அவள் விரல் வைத்த இடத்தில் ஒரு பென்சில் டிக் இருந்தது.

“அவர் போட்டது. லைப்ரரில இருக்காரே, அவர். நான் எட்டிப் பார்க்கும்போது கடை வாசல்ல நின்னு என்னைப் பார்த்திருக்கார். ஒரு புக்ல இருந்தா யாரோ கிறுக்கினதுன்னு விட்டிருப்பேன். எல்லா புக்லயும் இருக்குண்ணா. எனக்காக புக்கைத் தேடித் தேடி எடுத்து, எனக்குச் சொல்ல வேண்டிய வரிக்கு மட்டும் டிக் போட்டு அனுப்புறார். ‘நாளையும் இதே நேரத்துக்கு இங்கே இருப்பேன்.’ டிக். ‘சிரித்தால் நீ வேறு ஆளாகிவிடுகிறாய்.’ டிக். ஆறு மாசமா என்கிட்டப் பேசிக்கிட்டே இருக்கார்.”

டிரைவரின் கண் டாஷ்போர்டில் கிடந்த பென்சிலுக்குப் போனது. ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று, “எல்லா வரியும் அப்படியா பாப்பா இருக்கு?” என்று கேட்டார்.

“இல்லதான். ‘வெங்காய விலை மறுபடி ஏறிவிட்டதாம்’னு ஒண்ணு இருந்துச்சு. அது வேற யாராச்சும் பார்த்தா சந்தேகம் வரக் கூடாதுன்னு போட்டிருப்பார். புத்திசாலி.” சொல்லிவிட்டுப் பாப்பா பக்கத்தைப் புரட்டினாள். “இது போன வாரம் வந்தது. ‘துணிமணிகளை எடுத்துக்கொண்டு புறப்படு. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.’”

அந்த டிக் டிரைவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. நோ பார்க்கிங்கில் நிற்கிறாய் என்று டிராஃபிக் போலீஸ்காரர் லத்தியால் கண்ணாடியைத் தட்டிய நேரம் அது.

“பாப்பா, அது வந்து...” என்று ஆரம்பித்தார். என்ன சொல்வது? அந்த டிக்கைப் போட்டது நான் என்றா? ஐம்பத்திரண்டு வயது டிரைவர், முதலாளியின் பதினேழு வயது மகளிடம், நீ ஆறு மாசமாக யாரை நினைத்துக்கொண்டிருந்தாயோ அது நான்தான் என்று சொன்னால் அது எப்படி இருக்கும்? நாலு பேர் காதில் விழுந்தால் அதை எப்படித் திரிப்பார்கள்? வேலை போவது இருக்கட்டும், தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியுமா?

“பயப்படாதீங்கண்ணா. கதையில எல்லா டிரைவரும் ஹெல்ப்தான் பண்ணுவாங்க” என்றாள் பாப்பா.

அது வாஸ்தவம்தான். அவரும் படித்திருக்கிறார். கதாநாயகியை இறக்கிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ‘நல்லா இரும்மா’ என்று வாழ்த்திவிட்டுப் போவார் டிரைவர். அதோடு சரி. மறுநாள் அந்த டிரைவர் முதலாளிக்கு என்ன பதில் சொன்னார், அவர் வீட்டு அடுப்பு எரிந்ததா என்று எந்த நாவலிலும் எழுதியிருக்கவில்லை.

டிரைவர் வண்டியைக் கிளப்பினார். தைரியத்தில் இல்லை, கோழைத்தனத்தில். போகட்டும், அந்தப் பையனே எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிடுவான், பாப்பா அழுதுகொண்டே திரும்பி வந்துவிடும், நான் வாயைத் திறக்க வேண்டியதே இல்லை என்று கணக்குப் போட்டார். சந்துக்குள் கார் போகாது. முனையில் நிறுத்தினார். பாப்பா இறங்கி, ஜன்னல் கண்ணாடியில் முகம் பார்த்து, குட்டை முடியை இரண்டு கையாலும் ஒதுக்கிவிட்டுக்கொண்டாள். பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். ஸ்கூலுக்கு முதல் நாள் போகிற குழந்தை நடக்கிற மாதிரி ஒரு நடை.

அந்த நடையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. மூன்று வயதிலிருந்து பார்த்த நடை. ‘அடப் பாவி, நீ போட்ட டிக்குக்கு அந்தக் குழந்தையை நாலு பேர் முன்னால் நிறுத்தி அவமானப்பட விடுகிறாயே’ என்று தன்னையே திட்டிக்கொண்டு, வண்டியைப் பூட்டக்கூட மறந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார். ஓட்டம் என்று அவர் நினைத்துக்கொண்டார். ஒரு சைக்கிள் அவரைச் சாவகாசமாகத் தாண்டிப் போனது.

லைப்ரரி ஒரே அறை. தரையிலிருந்து கூரை வரை நாவல்கள், நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் போகிற அளவு வழி. கட்டுக் கழன்ற புத்தகங்களுக்கு இளைஞன் பசை தடவிக்கொண்டிருந்தான். கண்ணாடி போட்ட ஒரு அம்மா அலமாரியில் தேடிக்கொண்டிருந்தார். டிரைவர் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது பாப்பா ஏற்கெனவே அவன் முன்னால் நின்றிருந்தாள்.

“வந்துட்டேன்” என்றாள்.

“நம்பர் சொல்லுங்க” என்றான் அவன், பசையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“என்ன நம்பர்?”

“மெம்பர் நம்பர்.”

பாப்பா சிரித்தாள். அம்மா ஒருத்தர் அங்கே நிற்பதால் அவன் நடிக்கிறான் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. நாவலைப் பிரித்து அவன் முன்னால் வைத்து, டிக்கைத் தொட்டுக் காட்டினாள். “இதுக்குப் பதில் சொல்லத்தான் வந்தேன்.”

அவன் குனிந்து பார்த்தான். முகம் சுருங்கியது. “அடச்சே! யாருங்க இது புக்குல கிறுக்கினது? எத்தனை வாட்டி சொல்றது, புக்குல எழுதாதீங்க எழுதாதீங்கன்னு. இது நீங்க போட்டதா?” அப்போதுதான் நிமிர்ந்து வாசலைப் பார்த்தான். டிரைவரைக் கண்டதும் முகம் மலர்ந்தது. “வாங்கண்ணே! உங்களுக்காக நாலு புது நாவல் எடுத்து வெச்சிருக்கேன். எல்லாம் உங்களுக்குப் பிடிச்ச மாதிரி, கடைசி வரைக்கும் சேரமாட்டாங்களோன்னு பதற வைக்கிறது.” பாப்பாவிடம் திரும்பி, “அண்ணன்தாங்க இங்க முதல் நம்பர் வாசகர். இந்த வயசுல இப்படிக் காதல் கதை படிக்கிற ஆம்பளைய நான் பார்த்ததில்ல” என்றான்.

கண்ணாடி போட்ட அம்மா பக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

பாப்பா டிரைவரைப் பார்த்தாள். இன்னும் முழுசாகப் புரியவில்லை. புரிந்துவிடக் கூடாது என்று அவள் கண் கெஞ்சிக்கொண்டிருந்தது. டிரைவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

“அந்த டிக்கெல்லாம் நான் போட்டது பாப்பா” என்றார். “படிச்சு நிறுத்தின இடத்துக்கு அடையாளம். வேற ஒண்ணும் இல்ல. உங்களுக்குன்னு யாரும் ஒண்ணும் எழுதல. தம்பி மேல தப்பே இல்ல.”

பாப்பா புத்தகத்தை மூடி அவன் மேஜை மேல் ஒழுங்காக வைத்தாள். யாரையும் பார்க்காமல், பையைத் தோளில் மாட்டியபடி, நேராகச் சந்தில் நடந்து போய்க் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

டிரைவர் ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருகவில்லை. பின்னாலிருந்து அழுகைச் சத்தம் வரும் என்று காத்திருந்தார், வரவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. இந்தப் பெண்ணுக்கு இருந்த ஒரே ஒரு சந்தோஷத்தையும் தன் பென்சில்தான் கொடுத்தது, தன் வாய்தான் பிடுங்கியது என்று நினைத்தபோது அவருக்குத்தான் கண் கலங்கியது.

பாப்பா முன்சீட்டின் பக்கம் சாய்ந்தாள்.

“எதுக்கு அந்த வரியில நிறுத்தினீங்க?”

“யாராச்சும் வந்திருப்பாங்க பாப்பா. சார் வந்திருப்பார், இல்லாட்டி மேடம், இல்லாட்டி போலீஸ்.”

“‘உன்னை யாரும் பார்க்கவில்லை என்று நினைக்காதே. நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.’ அது? அதுலயுமா போலீஸ் வந்தாங்க?”

டிரைவர் யோசித்தார். இது மட்டும் போலீஸ் இல்லை, சார் இல்லை. அவருக்கு நன்றாகத் தெரியும். “அன்னிக்கு நீங்கதான் வந்தீங்க” என்றார்.

“எப்போ?”

“மாடல் எக்ஸாம் அன்னிக்கு. எல்லாரும் உள்ள எழுதிக்கிட்டிருந்தாங்க. கேட்டுல எந்தப் பொண்ணும் இல்ல. நீங்க மட்டும் தனியா வந்து நின்னீங்க. ஆரம்பிச்சுக் கொஞ்ச நேரங்கூட ஆகல. நான் பார்த்ததும் புக்கை மூடிட்டேன்.”

அந்தப் பரீட்சையில் பாப்பா வெறும் தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தது வீட்டில் யாருக்கும் தெரியாது. மார்க் ஏதோ கோளாறில் வரவில்லை என்று சொல்லி வைத்திருந்தாள்.

“நீங்க ஒண்ணுமே கேக்கலையே அன்னிக்கு.”

“கேக்கல. ஆனா பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். வண்டிக்கு வராம அந்தச் சுவர் ஓரமா ரொம்ப நேரம் நின்னீங்க. மத்தவங்க எல்லாம் முடிச்சு வர்ற வரைக்கும் நின்னுட்டு, அவங்களோட சேர்ந்து வந்து ஏறினீங்க. அழுதீங்களான்னு தூரத்துல தெரியல.”

“அழுதேன்” என்றாள் பாப்பா.

நாவலாக இருந்தால் அந்த இடத்தில் நல்லதாக நாலு வார்த்தை வந்திருக்கும். இவருக்கு வந்தது, “ஏ.சி. போடட்டுமா பாப்பா?” என்பதுதான். பாப்பா சரி என்று தலையாட்டினாள். “வீட்டுக்குப் போலாம்” என்றாள்.

வகுப்புக்கு வரவில்லை என்று கோச்சிங் சென்டரிலிருந்து போன் போயிருந்தது. சாரும் மேடமும் போர்ட்டிகோவில் நின்றிருந்தார்கள். இருவரையும் ஒன்றாக அங்கே பார்த்து வருஷக்கணக்காகிறது. பாப்பா இறங்கினாள், டிரைவரும் இறங்கினார். அந்த வீட்டில் மகளைப் பற்றிய கேள்வி எதுவாக இருந்தாலும் டிரைவரிடம்தான் கேட்பார்கள். பாப்பா சாப்பிட்டதா, பாப்பா யாரோடு பேசியது, பாப்பா ஏன் உம்மென்று இருக்கிறது, எல்லாவற்றுக்கும் அவர்தான் பதில் சொல்லிச் சொல்லிப் பழக்கம். சார் அன்றைக்கும் பாப்பாவின் தலைக்கு மேலாக அவரைத்தான் பார்த்தார்.

“எங்க கூட்டிட்டுப் போன? பையில என்ன இருக்கு?”

டிரைவர் வாயைத் திறந்தார். நாலைந்து பொய்கள் தயாராக இருந்தன. இத்தனை வருஷத்தில் அந்தக் கலை அவருக்குக் கைவந்திருந்தது.

“அப்பா, என்கிட்டக் கேளுங்க” என்றாள் பாப்பா.

சார் அவளைப் பார்த்தார். எத்தனையோ நோயாளிகளை உட்காரவைத்து, எங்கே வலி, எத்தனை நாளாக என்று கேட்டுக் கேட்டுப் பழகிய வாய் அது. தன் மகளிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் திறந்து திறந்து மூடியது. மேடம்தான் கடைசியில் படியிறங்கி வந்து, பயந்துகொண்டே கேட்பதுபோல, “சாப்பிட்டியா?” என்றார். அதுவரை அழாமல் வந்த பெண் அங்கே உடைந்தாள். நின்ற இடத்திலேயே, பையைக் கீழே போட்டுவிட்டு, மூச்சு வாங்க வாங்க அழுதாள். மேடம் தொட்டார், அவள் உதறவில்லை. மூன்று பேரும் உள்ளே போனார்கள். டிரைவர் பையைத் தூக்கி வாசற்படியில் வைத்தார்.

உண்மையைச் சொல்ல உட்கார்ந்தவள் பாதியில் எப்படி நிறுத்துவாள்? அன்று பாப்பா எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். வெறும் தாளைக் கொடுத்தது, டாக்டருக்குப் படிக்க மாட்டேன் என்பது, நாவல், டிக், லைப்ரரி, எல்லாம். டிரைவரைப் பற்றி நல்லதாகத்தான் சொல்லியிருப்பாள். எப்படிச் சொன்னாலும், பெண்ணைப் பெற்றவர்களுக்கு அதைக் கேட்க எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா? மறுநாள் காலையில் ஆஸ்பத்திரி மேனேஜர் போன் பண்ணினார். குரலில் மரியாதைக்குக் குறைவில்லை. இனி வர வேண்டாம் என்றார்.

வீட்டில் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்துக்கொண்டிருந்த மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். மெஷினை நிறுத்திவிட்டு அவள் கேட்டாள். வெங்காய விலை வந்த இடத்தில் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரித்து முடித்ததும், “உங்க ஒரு டிக்குக்கு ஒருத்தி பெட்டி படுக்கையைக் கட்டிக்கிட்டு வந்துட்டா. இருபத்தஞ்சு வருஷத்துல எனக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருப்பீங்களா?” என்றாள். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தாள், முடிக்கும்போது குரல் வேறு மாதிரி ஆகிவிட்டது. அவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தைத்த சட்டைகளில் தொங்கிய நூலைக் கத்தரித்துக் கொடுத்தார். சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். எழுந்து போங்கள் என்று அவளும் சொல்லவில்லை.

இப்போது ஒரு டாக்ஸி கம்பெனியில் ஓட்டுகிறார். அங்கேயும் காத்திருப்புத்தான். ஏர்போர்ட் வெளியே வரிசையில் நிற்கும்போது புத்தகம் எதுவும் எடுப்பதில்லை. வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். குட்டை முடியோடு, பெரிய பையோடு ஒரு பெண் வந்தால் உடம்பு தானாக நிமிர்கிறது. கிட்டே வந்தால் வேறு யாரோ. பாப்பா பரீட்சை எழுதியதா, விட்டதா, வேறு என்ன படிக்கிறது, சாப்பிடுகிறதா, சிரிக்கிறதா, ஒன்றும் தெரியவில்லை. அந்த வீட்டுப் பக்கம் சவாரி வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார். பதினாலு வருஷமாகப் பாப்பா எப்படி இருக்கிறது என்று எல்லோரும் அவரிடம்தான் கேட்டார்கள். இன்று அதைக் கேட்க அவருக்கு யாரும் இல்லை.